காட்டாக்கடை ரோட்டில் உங்க வேகத்தை யார் அளக்கிறார்கள்? ரேடார், ஏஐ கேமரா, அவற்றை ஏமாற்றும் வழிகள்: முழு விளக்கம்

மார்த்தாண்டத்தில் வீடு, கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை. காலையில் வண்டியை எடுத்தால் குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று ஓட்டம். டிராஃபிக் அதிகம் என்றால் பனச்சமூடு, வெள்ளறடை பக்கம் திரும்பி காட்டாக்கடை வழியாக ஒரு சுற்று. களியக்காவிளையைத் தாண்டி கொஞ்ச தூரம் போனதும் போனில் மேப் சொல்லும்: "முன்னால் வேகக் கேமரா இருக்கிறது." உடனே பிரேக். கேமராவைத் தாண்டியதும் மறுபடி ஆக்சிலேட்டர்.

நீங்களும் இதைச் செய்திருப்பீங்க. அந்த ஒரு நொடி பிரேக் உங்களை எதிலிருந்து காப்பாற்றியது? பல நேரங்களில் எதிலிருந்தும் இல்லை. நீங்கள் பயந்த கேமரா வேகத்தை அளக்கிற கேமராவாகவே இல்லாமல் இருந்திருக்கலாம். வேகத்தை அளக்கிற கருவியாக இருந்தால், நீங்கள் பிரேக்கைத் தொடும் முன்பே அது வேலையை முடித்திருக்கலாம்.

காட்டாக்கடை ஆர்டிஓ-வின் பதிவு எண் கேஎல்-74. நாகர்கோவிலுக்கு டிஎன்-74. ரெண்டு '74'-ம் ஒரே ரோட்டில் ஓடுகின்றன. வேக வரம்பு வேறு, அபராதம் வேறு. ஆனால் நம்பர் பிளேட்டைப் படிக்கிற கேமராவுக்கு ரெண்டும் ஒன்றுதான்.

சுருக்கமாகச் சொன்னால்

• கேரளாவின் 'சேஃப் கேரளா' திட்டத்தில் உள்ள 726 கேமராக்களில் வேகத்தை அளப்பவை வெறும் 8. மற்றவை ஹெல்மெட், சீட் பெல்ட், போன், சிக்னல், பார்க்கிங் விஷயங்களைப் பார்ப்பவை.
• கேரளாவில் பைக், ஸ்கூட்டருக்கு எந்த ரோட்டிலும் அதிகபட்ச வேகம் மணிக்கு 60 கி.மீ.
• ரேடார் டிடெக்டர், நம்பர் பிளேட் ஸ்பிரே போன்றவை இப்போதைய தொழில்நுட்பத்துக்கு முன்னால் பெரும்பாலும் வீண் செலவு. ஜாமர் சட்டவிரோதம்.
• நோட்டீஸ் தவறாக வந்தால் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 2025 ஜூலை 1 முதல் ரேடார் கருவிகளுக்கு எடையளவுத் துறையின் முத்திரை கட்டாயம்.

726 கேமராவில் வேகம் பார்ப்பது எத்தனை?

'சேஃப் கேரளா' திட்டத்தை முதல்வர் பினராயி விஜயன் 2023 ஏப்ரல் 20 அன்று தொடங்கி வைத்தார். சுமார் 232 கோடி ரூபாய் திட்டம். செயல்படுத்தியது அரசு நிறுவனமான கெல்ட்ரான். அபராதம் வசூலிப்பது 2023 ஜூன் 5 முதல் தொடங்கியது. ஒப்பந்தத்தில் முறைகேடு என்று எதிர்க்கட்சிகள் குற்றம்சாட்டி, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது தனிக் கதை.

மொத்தம் 726 கேமராக்கள். கணக்கு இப்படி: ஹெல்மெட், சீட் பெல்ட், ஓட்டும்போது போன், பைக்கில் மூன்று பேர் ஆகியவற்றைப் பிடிக்க 675. தவறான பார்க்கிங்குக்கு 25. சிக்னல் மீறலுக்கு 18. வேகத்துக்கு நிலையாக நிற்பவை 4, வண்டியில் பொருத்தி நகர்பவை 4. இவை தவிர, இந்தத் திட்டத்துக்கு முன்பே வைக்கப்பட்ட வேகக் கேமராக்களும், ரோட்டோரம் நிற்கும் இன்டர்செப்டர் வண்டிகளும் உண்டு.

அதாவது, கம்பத்தில் தலைகுனிந்து நிற்கிற வெள்ளைப் பெட்டியைப் பார்த்து நீங்கள் 70-லிருந்து 50-க்கு இறங்குவதில் அதற்கு அக்கறை இல்லை. அது பார்ப்பது உங்கள் தோளில் பெல்ட் இருக்கிறதா, காதில் போன் இருக்கிறதா என்பதைத்தான்.

வேக வரம்பு விஷயத்தில் எல்லை தாண்டி வருகிறவர்கள் அதிகம் மாட்டுவது பைக்கில். கேரள அரசு 2023 ஜூலை 1 முதல் வேக வரம்புகளைத் திருத்தியது. கார்களுக்கு ஆறுவழித் தேசிய நெடுஞ்சாலையில் 110, நான்குவழியில் 100, மற்ற தேசிய நெடுஞ்சாலைகளில் 90, மாநில நெடுஞ்சாலை மற்றும் முக்கிய மாவட்டச் சாலைகளில் 80, மற்ற சாலைகளில் 70, நகரத்துக்குள் 50. தேசிய நெடுஞ்சாலைகளில் கார்களுக்கு வரம்பு கூடியது. பைக்குகளுக்கு மட்டும் 70-லிருந்து 60 ஆகக் குறைந்தது. காரணம், விபத்தில் சாகிறவர்களில் பைக் ஓட்டிகள்தான் அதிகம் என்பது. காரோடு பைபாஸ் எவ்வளவு காலியாக இருந்தாலும் பைக்கில் 75 போனால் அது மீறல்தான். இந்த அதிகபட்ச வரம்புகளுக்குள், ஓர் இடத்தில் போர்டு குறைவாகச் சொன்னால் போர்டு சொல்வதுதான் கணக்கு.

வேகத்தை எப்படி அளக்கிறார்கள்?

நான்கு முறைகள் உண்டு. ஒவ்வொன்றின் பலமும் பலவீனமும் தெரிந்தால்தான், கடையில் விற்கிற 'தீர்வுகள்' எதற்கு உதவும் என்பது புரியும்.

1. ரேடார்: ஆம்புலன்ஸ் உங்களை நோக்கி வரும்போது சைரன் கீச்சென்று கேட்டு, தாண்டியதும் சத்தம் தடிமனாகும் இல்லையா? அதே டாப்ளர் விளைவுதான். கருவி ரேடியோ அலையை அனுப்புகிறது. ஓடும் வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்று மாறியிருக்கும். 24.15 கிகாஹெர்ட்ஸ் ரேடாரில், 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஏறக்குறைய 2,680 ஹெர்ட்ஸ் மாற்றத்தை உண்டாக்கும். அதை வைத்து வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். பழைய ரேடார்களில் பிரச்சினை, அலை விரிந்து போவது. பக்கத்தில் வரும் லாரியின் வேகம் உங்கள் பெயரில் விழ வாய்ப்புண்டு. புதிய ரேடார்கள் பல தடங்களில் வரும் பல வண்டிகளைத் தனித்தனியாகப் பின்தொடர்கின்றன.

2. லேசர் கன்: போலீஸ்காரர் கையில் பைனாகுலர் போலப் பிடித்திருப்பது பெரும்பாலும் இதுதான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளித் துடிப்புகளை ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கில் அனுப்பி, அவை திரும்பி வரும் நேரத்தை அளக்கும். தூரம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதே உங்கள் வேகம். வேலை முடிய அரை நொடிகூட வேண்டாம். 300 மீட்டர் தூரத்தில்கூட ஒளிக்கற்றை சுமார் ஒரு மீட்டர் அகலம்தான். கூட்டத்தில் ஒரு வண்டியை மட்டும் குறிபார்க்கலாம்.

3. கேமராவும் நம்பர் பிளேட் வாசிப்பும்: இது நேரடியாக வேகத்தை அளப்பதில்லை. ரேடார் அல்லது ரோட்டுக்குள் பதித்த கம்பிச் சுருள் வேகத்தைச் சொல்லும், கேமரா படமெடுக்கும், மென்பொருள் எண்ணைப் படித்து 'வாகன்' தரவுத்தளத்தில் தேடும். டிஎன்-75 மார்த்தாண்டம் வண்டியோ, கேஎல்-19 பாறசாலை வண்டியோ, முகவரி ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

4. சராசரி வேகம்: இதுதான் வருங்காலம். தொடக்கத்தில் ஒரு கேமரா, சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கேமரா. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் எடுத்தீர்கள் என்று மட்டும் பார்க்கும். முக்கோலை–காரோடு கான்கிரீட் பைபாஸ் சுமார் 16 கி.மீ. வரம்பு 80 என்று வைத்துக்கொண்டால், அந்தத் தூரத்தைக் கடக்கக் குறைந்தது 12 நிமிடம் ஆக வேண்டும். 10 நிமிடத்தில் வந்தால், நடுவில் எங்கே பிரேக் போட்டீங்க என்பதெல்லாம் தேவையில்லை. நீங்க வரம்பை மீறியிருக்கீங்க. இத்தாலியில் 2005-லிருந்து நெடுஞ்சாலைகளில் இந்த முறை உண்டு. இந்தியாவில் மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வேயில் 2024-ல் வந்த கண்காணிப்பு அமைப்பில் சராசரி வேகம் பார்க்கும் வசதியும் சேர்ந்துள்ளது.

'கேமராவைப் பார்த்தால் பிரேக், தாண்டினால் பறப்பது' என்ற பழக்கத்துக்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயர் கங்காரு விளைவு. பின்னால் வருகிறவர் எதிர்பார்க்காத இடத்தில் போடும் பிரேக் என்பதால், அதுவே ஒரு ஆபத்து. சராசரி வேக முறை இந்தக் குதிப்புக்கு முற்றுப்புள்ளி வைக்கிறது.

ஏமாற்ற முடியுமா? சந்தையில் உள்ளவை ஒவ்வொன்றாக

ரேடார் டிடெக்டர்: போலீஸ் ரேடாரின் அலையை முன்கூட்டியே உணர்ந்து 'பீப்' அடிக்கும் கருவி. அமெரிக்காவில் தனியார் கார்களில் வர்ஜீனியா மாநிலமும் வாஷிங்டன் டிசியும் தவிர மற்ற இடங்களில் அனுமதி உண்டு. ஜெர்மனியில் ஓட்டும்போது பயன்படுத்தத் தடை. பிரான்ஸிலும் தடை உண்டு. நம்ம ஊர் ரோட்டில் இது வேலை செய்யுமா? எப்போதும் ஆனில் இருக்கும் ரேடாரை மட்டும் முன்கூட்டியே சொல்ல முடியும். லேசர் உங்கள் மீது பட்டபிறகுதான் அடிக்கும். அதற்குள் வேகம் பதிவாகிவிடும். இரண்டு கேமரா நேரக் கணக்கில் உணர்வதற்கு அலையே கிடையாது. போதாக்குறைக்கு, பல கார்களில் பக்கவாட்டு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் சென்சாரும், கடைகளின் தானியங்கிக் கதவும் அதே 24 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான். நெய்யாற்றின்கரை டவுனைத் தாண்டுவதற்குள் பத்து முறை அடித்து உங்கள் உயிரை வாங்கும்.

ஜாமர்: இங்கே பேச்சுக்கே இடமில்லை. சிக்னல் ஜாமர், ஜிபிஎஸ் பிளாக்கர் போன்றவற்றை அரசின் குறிப்பான அனுமதி இல்லாமல் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை 2022 ஜனவரியில் தெளிவாக அறிவித்தது. ஆன்லைனில் விற்பதும் இதில் அடக்கம். வேகத்துக்கு ஆயிரம், ரெண்டாயிரத்தில் முடிகிற விஷயத்தை கிரிமினல் வழக்காக மாற்றிக்கொள்கிற வழி இது.

நம்பர் பிளேட் தந்திரங்கள்: பளபளப்பு ஸ்பிரே, மடக்கும் பிளேட், ஒரு இலக்கத்தின் மேல் ஒட்டும் டேப், பின்னால் உட்கார்ந்தவர் கையால் மறைப்பது, பிளேட்டில் முகக்கவசம் மாட்டுவது என எல்லாமே கேரளாவில் அல்லது மற்ற மாநிலங்களில் பார்த்ததுதான். ஸ்பிரே பற்றிச் சொல்லப்படும் கதை பிளாஷ் வெளிச்சம் அடித்த காலத்துக் கதை. இன்றைய கேமராக்கள் அகச்சிவப்பு ஒளியில் அடுத்தடுத்து பல பிரேம்கள் எடுக்கின்றன. பிளேட்டை மறைப்பதும் மாற்றுவதும் தனிக் குற்றம். போலி எண் என்றால் மோசடி வழக்கு வரை போகும். அந்த எண் வேறொருவருடையதாக இருந்தால், உங்கள் அபராதம் ஏதோ ஒரு அப்பாவியின் வீட்டுக்குப் போகிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

கேமராவைக் கேலி செய்வது: 2023-ல் கண்ணூர் மாவட்டத்தில் ஒரு இளைஞர் ஒரே ஏஐ கேமரா முன்னால் ஹெல்மெட் இல்லாமல், சேட்டை காட்டியபடி 150 முறைக்கு மேல் போய்வந்தார். மூன்று மாதத்தில் சேர்ந்த அபராதம் ரூ.86,500. லைசென்ஸும் ஓராண்டு சஸ்பெண்ட். பைக்கை விற்றாலும் கட்ட முடியாத நிலை என்று செய்திகள் சொன்னன.

மேப் ஆப்: கூகுள் மேப்ஸ் 2019-ல் வேகக் கேமரா எச்சரிக்கையை இந்தியா உட்பட பல நாடுகளில் கொண்டுவந்தது. இங்கே இதற்குத் தடை இல்லை. சொல்லப்போனால் சட்டத்தின் நோக்கத்துக்கு இது எதிரானதும் இல்லை: மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ, கேமரா இருக்கும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்கிறது. ஒளிந்து பிடிப்பதைவிட ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பதே குறிக்கோள். சுவிட்சர்லாந்து, ஜெர்மனி போன்ற நாடுகளில் இதே வசதியை ஓட்டும்போது பயன்படுத்த முடியாது. வெளிநாட்டில் வண்டி ஓட்டும் நண்பர்கள் கவனிக்கவும்.

உயிரைக் கேட்கும் தந்திரம்

இந்தப் பட்டியலில் மிக மோசமானது ஒன்று இருக்கிறது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை, அதாவது ஸ்பீட் கவர்னரை, கழற்றுவது அல்லது அதன் அமைப்பை மாற்றுவது. சுற்றுலாப் பேருந்து, லாரி, வேன் போன்ற வணிக வண்டிகளில் இந்தக் கருவி கட்டாயம். பேருந்துகளுக்கு உச்ச வரம்பு 80 கி.மீ.

2022 அக்டோபர் 5 இரவு. பள்ளி மாணவர்களை ஊட்டிக்குச் சுற்றுலா அழைத்துச் சென்ற தனியார் பேருந்து, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே கேரள அரசுப் பேருந்தின் பின்னால் மோதியது. 9 பேர் இறந்தார்கள்: 5 மாணவர்கள், ஓர் ஆசிரியர், அரசுப் பேருந்தில் வந்த 3 பயணிகள். மோதும்போது வேகம் 97 கி.மீ.-க்கு மேல் என்று ஜிபிஎஸ் பதிவு காட்டியது. ஸ்பீட் கவர்னரில் கைவைத்திருந்தது விசாரணையில் தெரியவந்தது.

அந்தப் பேருந்தில் ஜிபிஎஸ் இருந்தது, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் இருந்தது. ஒருவர் அந்தக் கருவியை ஏமாற்றியது 9 குடும்பங்களுக்கு முடிவாகிவிட்டது. 2019 திருத்தத்தின்படி, வண்டியைச் சட்டத்துக்கு மாறாக மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 வரை அபராதம். ஆபீஸ் டூருக்கு வேன் பிடிக்கிறீங்க என்றால், ஏசி, பாட்டு சிஸ்டம் கேட்பதோடு கவர்னர் வேலை செய்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். தப்பே இல்லை.

அபராதம் எவ்வளவு? எல்லை தாண்டினால் மாறுமா?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 183-ன்படி, அதிவேகத்துக்கு இலகுரக வண்டி என்றால் ரூ.1,000 முதல் ரூ.2,000 வரை, நடுத்தர, கனரக வண்டிகளுக்கு ரூ.2,000 முதல் ரூ.4,000 வரை. இரண்டாவது முறை மாட்டினால் லைசென்ஸைப் பறிமுதல் செய்யலாம். இந்த வரம்புக்குள் மாநிலங்கள் தொகையை முடிவு செய்கின்றன. கேரளாவில் இலகுரக வண்டிக்கு ரூ.1,500.

ஹெல்மெட் விஷயத்தில் எல்லை வித்தியாசம் நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் ரூ.1,000, கேரளாவில் ரூ.500. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. போன் பேசியபடி ஓட்டினால் கேரளாவில் ரூ.2,000.

'வேற மாநில வண்டிதானே, என்ன பண்ணிடுவாங்க' என்ற எண்ணம் பழைய காலத்துக்குச் சரி. இ-சலான் நாடு முழுக்க ஒரே அமைப்பு. கட்டாமல் விட்டால் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போகும். பிறகு வண்டியை விற்கவோ, பெயர் மாற்றவோ போகும்போது அது குறுக்கே நிற்கும்.

நோட்டீஸ் வந்தால் என்ன செய்யணும்?

முதலில் படத்தைப் பாருங்கள். விதி 167ஏ-யின்படி நோட்டீஸில் இவை இருக்க வேண்டும்: மீறலையும் நம்பர் பிளேட்டையும் தெளிவாகக் காட்டும் படம், கருவி அளந்த அளவு, தேதி, நேரம், இடம், எந்தச் சட்டப்பிரிவு என்ற விவரம், மின்னணு ஆதாரத்துக்கான சான்று. மீறல் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பதும் விதி. கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்புதல் சான்றிதழும் வேண்டும்.

2025 ஜூலை 1 முதல் இன்னொரு கவசம் சேர்ந்திருக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை எடையளவு விதிகளின் கீழ் வேகம் அளக்கும் ரேடார் கருவிகளையும் கொண்டுவந்துவிட்டது. மளிகைக் கடைத் தராசுக்கு முத்திரை போடுகிற மாதிரி, ரேடாரையும் சோதித்து முத்திரையிட்ட பிறகே ரோட்டில் வைக்கலாம். அளவு தவறு என்று உங்களுக்கு உறுதியாகத் தோன்றினால், முத்திரை விவரத்தைக் கேட்பது நியாயமான கேள்வி.

கோணத்தால் வரும் பிழை உங்கள் பக்கம்தான் சாயும். ரேடார் ரோட்டுக்கு 20 டிகிரி சாய்வாக இருந்து, அதற்கான திருத்தம் செய்யாமல் விட்டால், 100-ல் போன வண்டியை 94 என்றே காட்டும். ஆகவே 'கோணம் சரியில்லை' என்ற வாதத்தைவிட, 'படத்தில் இருப்பது என் வண்டியே இல்லை', 'எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறது', 'பக்கத்தில் வேறு வண்டி வந்தது' என்பவை வலுவானவை. நோட்டீஸில் சொல்லியிருக்கும் கெடுவுக்குள், அதில் குறிப்பிட்ட அதிகாரியிடம் ஆட்சேபம் கொடுக்கலாம்.

நண்பர் உங்கள் பைக்கை எடுத்துப் போயிருந்தால்? நோட்டீஸ் உரிமையாளருக்குத்தான் வரும். கேட்டால் ஓட்டியவர் யார் என்று தெரிவிக்க வேண்டியது பிரிவு 133-ன்படி உங்கள் கடமை. பைக்கைக் கொடுக்கும்போது அவர் லைசென்ஸைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் சலான்: உஷார். 'உங்கள் வண்டிக்கு அபராதம், விவரம் பார்க்க இந்த ஆப்பை இறக்குங்கள்' என்று ஏபிகே ஃபைலோடு வரும் மெசேஜ் மோசடி. இறக்கினால் போனில் வரும் ஓடிபி திருடுபவர் கைக்குப் போகும். வங்கிக் கணக்கு காலியாகும். சலான் உண்மையா என்று பார்க்க, பரிவாகன் இ-சலான் தளத்தை நீங்களே தட்டச்சு செய்து திறந்து, வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். முகவரி அரசின் 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்பதையும் கவனியுங்கள்.

அடுத்து என்ன வரும்?

காருக்குள்ளேயே போலீஸ்: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை 7 முதல் விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் வேக உதவி அமைப்பு கட்டாயம். போர்டையும் மேப்பையும் படித்து, வரம்பு தாண்டினால் எச்சரிக்கும். ஓட்டுநர் அதை அணைக்கலாம்; அடுத்த முறை வண்டியை எடுத்தால் தானாக ஆன் ஆகும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில், மிக அதிவேகமாக ஓட்டி மாட்டுபவரின் காரில் வேகத்தைப் பூட்டும் கருவியை வைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்ற சட்டம் 2026 ஜூலையிலிருந்து அமல் என நிறைவேறியது. இந்தியாவில் இதன் சின்னத் தம்பி ஏற்கெனவே உங்கள் காரில் இருக்கிறது: 2019 ஜூலை முதல் புதிய கார்கள் 80-ஐத் தாண்டினால் விட்டு விட்டும், 120-ஐத் தாண்டினால் தொடர்ந்தும் ஒலி எழுப்ப வேண்டும்.

டோல் பிளாசா: ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களில் டோல் பிளாசாவில் பதிவாகும் வண்டி எண்ணை வைத்தே இன்சூரன்ஸ் இல்லாத வண்டிக்குச் சலான் போடுகிறார்கள். இரண்டு டோல்களின் நேரத்தை வைத்துச் சராசரி வேகம் பார்ப்பது தொழில்நுட்ப ரீதியில் அங்கிருந்து ஒரு அடிதான்.

வானத்திலிருந்து: கேமரா இல்லாத உள் சாலைகளுக்கு ட்ரோன் வைக்கலாம் என்ற யோசனை கேரளாவில் 2023-லேயே பேசப்பட்டது. காட்டாக்கடை, வெள்ளறடை மாதிரி வளைவும் நெளிவுமான ரோடுகளுக்கு நிலையான கேமராவைவிட இது பொருத்தமாகலாம்.

நீதிமன்றம்: இந்த வேகத்துக்கு ஒரு தமிழ்நாட்டு மருத்துவரும் காரணம். சாலைப் பாதுகாப்பு கேட்டு 2012-ல் உச்ச நீதிமன்றம் போனவர் கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன். அந்த வழக்கில்தான், மின்னணுக் கண்காணிப்புக்கான பிரிவு 136ஏ-யைச் செயல்படுத்தும்படி 2024-ல் மாநிலங்களுக்கு உத்தரவு வந்தது. கேரளாவும் தமிழ்நாடும் அதில் உண்டு.

அப்போ தனியுரிமை?

கேள்வி நியாயமானது. 2023-ல் திருவனந்தபுரத்தில் ஹெல்மெட் இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டிய ஒருவரின் படம், வண்டி மனைவி பெயரில் இருந்ததால் மனைவியின் போனுக்குப் போனது. படத்தில் பின்னால் இன்னொரு பெண். வீட்டில் தகராறு, மனைவி தாக்குதல் புகார் கொடுத்தார், கணவர் கைதானார். தாக்கியவர் செய்தது குற்றம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஹெல்மெட்டைப் பார்க்க வைத்த கேமரா, யார் யாரோடு போகிறார் என்பதையும் பதிவு செய்கிறது என்பதை ஊருக்கே காட்டிய சம்பவம் அது. சராசரி வேக முறையில் தப்பு செய்யாதவர்களின் எண்ணும் இரு முனையிலும் பதிவாக வேண்டும். அந்தப் பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம் என்பதை அரசு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கேட்பது வேகமாகப் போகிறவர்களின் வேலை மட்டும் இல்லை.

சட்டம் எல்லாருக்கும் ஒன்றா என்ற கேள்வியும் உண்டு. 2023 ஜூனில் வயநாட்டில் மரக்கிளை வெட்டும் கம்பை ஏற்றிப்போன மின்வாரிய ஜீப்புக்கு ஏஐ கேமரா ரூ.20,500 அபராதம் போட்டது. சில நாளில், பில் பாக்கி என்று சொல்லி கல்பற்றாவில் மோட்டார் வாகனத் துறை அலுவலகத்தின் ஃபியூஸைப் பிடுங்கியது மின்வாரியம். ஊரே சிரித்தது. ஆனாலும் அரசு வண்டியையும் கேமரா விட்டுவைக்கவில்லை என்பது அதில் உள்ள நல்ல செய்தி.

கேமராவால் சாவு குறைந்ததா?

கேரளாவில் சாலை விபத்து மரணங்கள் 2022-ல் 4,317. 2023-ல் 4,080. 2024-ல் 3,700 சொச்சம். ஆனால் விபத்துகளின் எண்ணிக்கை இதே காலத்தில் சுமார் 44 ஆயிரத்திலிருந்து 48 ஆயிரத்துக்கு மேல் கூடியிருக்கிறது. மோதல் குறையவில்லை, மோதியவர் பிழைப்பது கூடியிருக்கிறது. 675 கேமராக்கள் ஹெல்மெட்டையும் பெல்ட்டையும் பார்ப்பதோடு இது பொருந்திப் போகிறது. ஆனால் காரணம் கேமரா மட்டும்தான் என்று இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. நாடு முழுக்கப் பார்த்தால் 2022-ல் சாலையில் இறந்த 1,68,491 பேரில் 71 சதவீதம் பேரின் மரணத்துக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியிருக்கிறது.

கடைசியாக ஒரு கணக்கு. முக்கோலை–காரோடு 16 கி.மீ.-ஐ 80-ல் போனால் 12 நிமிடம். 100-ல் போனால் 9 நிமிடம் 36 நொடி. மிச்சம் 2 நிமிடம் 24 நொடி. பாறசாலையில் ஒரு சாயா ஆறுவதற்குள் போய்விடும் நேரம். அதே வேகத்தில் திடீரென்று குறுக்கே ஒருவர் வந்தால், 80-ல் வரும் கார் சுமார் 70 மீட்டரில் நிற்கும். 100-ல் வரும் கார் நிற்க கிட்டத்தட்ட 100 மீட்டர் வேண்டும். அந்த 30 மீட்டருக்குள் நிற்பவர் யாராகவும் இருக்கலாம்.

ரேடாரையோ கேமராவையோ முந்த ஏதாவது ஒரு கருவி நாளைக்கும் விற்பனைக்கு வரும். இந்த 30 மீட்டரைக் குறைக்கிற கருவி உங்கள் வண்டியில் ஏற்கெனவே இருக்கிறது. வலது காலுக்குக் கீழே.